பழைய சம்பளச் சீட்டின் ஆதிக்கம்

தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட 2000-ஆம் ஆண்டு தொடங்கிச் சிறுசேரி வரை வரிசையாக எழும்பிவிட்ட கணினி ஸ்தாபனங்களில், டேட்டாபேஸ் உத்தியோகம் நாடிச் செல்லும் ஒருவரிடம், அவருடைய வித்தையைச் சோதிப்பதற்கு முன்பாகவே, இப்போது வாங்கும் சி.டி.சி. (ஸ்தாபனம் அவருக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) என்ன, எதிர்பார்ப்பது என்ன என்ற இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டுவிடுகின்றன. முதல் கேள்விக்குக் கிடைத்த தொகையின்மேல் இத்தனை சதவீதம் கூட்டுவதே இரண்டாவதற்கு நியாயமான விடை என்று கேட்பவரும் சொல்பவரும் ஒருங்கே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை இனியேனும் கைவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பழைய சம்பளம் ஒருவருடைய யோக்கியதையைக் காட்டிலும், அவர் சந்தைக்குள் நுழைந்த காலத்தின் அதிர்ஷ்டத்தையே பெரும்பாலும் காட்டுகிறது. புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற அளவு பெரிய ஸ்தாபனங்களில் பத்தாண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய அசையாமலே நிற்க, 2022-இல் அவற்றுட் சிலவற்றில் ஊழியர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் விலகிச் சென்ற வேகத்தில் இடம் மாறியவர்கள் ஒரே தாவலில் பெருந்தொகை பெற்றார்கள். விசுவாசமாக இருந்த இடத்திலேயே இருந்தவர்கள் பின்தங்கினார்கள். இன்று அவ்விருவரும் ஒரே வேலைக்கு வந்து நின்றால், பழைய சீட்டைப் பார்த்து விலை பேசுகிறவர் அந்த அதிர்ஷ்டத்துக்கே மறுபடியும் சம்பளம் கொடுக்கிறார். (அந்த சி.டி.சி.யிலும் கிராஜுவிட்டி, முதலாளி கட்டும் பி.எஃப்., கிடைக்குமோ கிடைக்காதோ என்ற வேரியபிள் பே எல்லாம் அடக்கமாதலால், மாதக் கடைசியில் கைக்கு வருவது வேறொரு கணக்கு.)

வேலையின் தன்மையோ மாறிக்கொண்டிருக்கிறது. கணினி விஞ்ஞானி எட்கர் காட் 1970-இல் வகுத்த அட்டவணைத் தத்துவமும், அதையொட்டி எழுந்த எஸ்.க்யூ.எல். மொழியும் அரை நூற்றாண்டாக நிலைத்திருப்பது உண்மையே. ஆயினும் 2009-இல் அமேசான் ஆர்.டி.எஸ். வந்தது முதல், பேக்கப் எடுப்பதும் பேட்ச் போடுவதும் சிறிது சிறிதாகக் கிளவுட் கம்பெனிகளின் பொறுப்பாயின. சாதாரணக் குவெரிகளையோ செயற்கை நுண்ணறிவு கேட்ட மாத்திரத்தில் எழுதித் தருகிறது. இவற்றை மட்டும் நம்பி உயர்ந்த சம்பளம் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

எஞ்சுவது என்ன? லைசன்ஸ் செலவை மிச்சப்படுத்த ஆரக்கிள் டேட்டாபேஸிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறும் காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஒன்றும் இல்லாத வெற்றுப் பதிவை ஆரக்கிள் மதிப்பே இல்லாததாகக் கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அவ்விரண்டையும் வேறுவேறாகப் பார்க்கும். ஆகவே நிரல்கள் அனைத்தும் மாற்றப்பட்டு, சோதனைகளும் முடிந்த பிறகு, முகவரி கொடாத வாடிக்கையாளர்களைத் தேடும் ஒரு குவெரி, யாதொரு எச்சரிக்கையுமின்றிச் சிலரை விட்டுவிடக்கூடும். அந்த வெற்றுப் பதிவுக்கு வியாபாரத்தில் என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே விசாரிக்கத் தெரிந்தவருக்கும், சம்பளப் பட்டுவாடா ஓடும் இரவில் ஒன்றையொன்று மறித்து நிற்கும் டிரான்சாக்‌ஷன்களில் எதை நிறுத்துவது என்று தீர்மானிப்பவருக்கும், எடுத்துவைத்த பேக்கப்பை மெய்யாகவே மீட்டுக் காட்டக்கூடியவருக்கும் தரப்படும் சம்பளம், அந்தத் தரவு ஒரு நாள் கிடைக்காமற்போனால் நேரும் நஷ்டத்தை அளவாகக் கொள்ள வேண்டுமேயன்றி, முந்தைய கம்பெனியின் கருமித்தனத்தையோ தாராளத்தையோ அன்று.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், வேலையையும் சம்பளத்தையும் உறுதி செய்யுமுன் பழைய சம்பளத்தை விசாரிப்பதைத் தடுக்கும் சட்டம் 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. இங்கே சட்டத்துக்குக் காத்திராமலே, சம்பள எல்லையை விளம்பரத்தில் அச்சிடும் வழக்கத்தை நம் ஸ்தாபனங்கள் தொடங்கலாம். வேலைக்குத் தேர்வானவர்கள் மூன்று மாத நோட்டீஸ் காலத்தில் வேறு ஆஃபர்களைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார்கள் என்று ஹெச்.ஆர். அதிகாரிகள் ஓயாமல் குறைப்படுகிறார்கள். தொகையைக் கடைசிச் சுற்று வரை மறைத்துவைப்பவர்களும் அவர்களேதாம். எல்லை முன்னரே தெரிந்திருந்தால், அது போதாது என்று நினைப்பவர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவார்.