லோரி வீரனுக்காக அழுத பிள்ளைகள்



உயிரில்லாத பொருளுக்காகப் பிள்ளை அழுதால் நமக்குச் சிரிப்பு வருகிறது. சில வேளைகளில் சினமும் வருகிறது. விடியுமுன் பிரட்டுக்குப் போய், பகலெல்லாம் மரத்தோடும் வெயிலோடும் மல்லுக்கட்டி, களைத்து வீடு திரும்பும் தாயிடம், "பொம்மையின் கை ஒடிந்துபோச்சும்மா" என்று பிள்ளை தேம்பினால், அதைக் கேட்க அவளுக்குப் பொறுமை இருக்குமா? இல்லாமற் போவது இயல்பே. ஆயினும், பிள்ளைகளின் இந்த அழுகையை அற்பமென்று எண்ணி ஒரு பெரிய பொம்மை நிறுவனமே மூக்குடைபட்ட வரலாறு ஒன்று உண்டு. அதைத்தான் இம்முறை சொல்லப் போகிறேன்.

பசார் மாலாமில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைகளின் முன் நின்றவர்கள் இந்தப் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் நீலமும் கலந்த ஒரு லோரி. அதை மடக்கி, திருப்பி, இழுத்து நிமிர்த்தினால் ஓர் இயந்திர வீரன் எழுந்து நிற்பான். அவன் பெயர் ஆப்டிமஸ் பிரைம். 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்னும் கதையில் ஆட்டோபாட் என்ற நல்லவர் கூட்டத்துக்குத் தலைவன். டிசெப்டிகான் கூட்டத்தின் தலைவனான மெகாட்ரான் அவனுக்குப் பகைவன். வேறோர் உலகத்தில் பிறந்து, தங்கள் போரைப் பூமிக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்.

இவன் பிறந்த இடம் ஜப்பான். தக்காரா என்னும் நிறுவனம் 1980-இல் 'டயாகுளோன்' என்ற பொம்மை வரிசையை வெளியிட்டது. அந்த வரிசையில் வந்த இயந்திரங்களுக்கு உயிர் கிடையாது. விரலளவுகூட இல்லாத சின்ன மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதாகத்தான் ஏற்பாடு. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இப்பொம்மைகளை விற்கும் உரிமையைப் பெற்று 1984-இல் கடைக்குக் கொண்டுவந்தது. அப்போதுதான் ஒரு முக்கியமான மாறுதல் நடந்தது. உள்ளே இருந்த ஓட்டுநரை எடுத்துவிட்டு, இயந்திரத்துக்கே உயிர் கொடுத்தார்கள்.

அந்த வேலையைச் செய்தவர்கள் மார்வெல் சித்திரக்கதை நிறுவனத்தார். ஜிம் ஷூட்டர் கதைக்கு அடித்தளம் இட்டார். ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரைத் தந்தவர் டென்னிஸ் ஓநீல். பாப் புடியான்ஸ்கி என்பவர் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பெயரும் குணமும் வகுத்தார். இவன் முன்கோபி, இவன் பயந்தவன், இவன் வீண்பெருமைக்காரன் என்று ஒவ்வொருவனைப் பற்றியும் சிறு குறிப்பு எழுதி, பொம்மைப் பெட்டியின் முதுகில் அச்சிட்டார்கள். வலிமை, அறிவு, வேகம், துணிவு முதலிய எட்டுப் பண்புகளுக்கு அளவும் போட்டிருந்தது. அதைச் சிவப்புத் தாள் ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் படிக்க முடியும். பிள்ளைகளின் மனத்தை அறிந்தவர் செய்த வேலை அது.

பெயரும் குணமும் வந்துவிட்டால் பிறகு அது பொம்மையா? வீட்டில் வளர்க்கும் ஆட்டுக்குட்டிக்குப் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டால், தீபாவளிக்கு அதை அறுக்க நாம் படும் பாடு நமக்குத் தெரியாததா!

போதாக்குறைக்கு அவனுக்கு ஒரு குரலும் கிடைத்தது. 1984 செப்டம்பரில் தொடங்கிய கேலிச்சித்திரத் தொடரில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் பீட்டர் கல்லன். இவருடைய அண்ணன் லாரி வியட்நாம் போரில் பணியாற்றிய அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை வீரர். ஒரு லோரியின் குரலுக்குத் தேர்வு கொடுக்கப் போவதாகவும், அந்த லோரி ஒரு வீரன் என்றும் தம்பி சொன்னாராம். வீரனாக நடிப்பதானால் உண்மையான வீரனாக இரு, கத்தி ஆர்ப்பரிக்காதே, மென்மையாக இருக்கும் அளவுக்கு வலிமை வேண்டும் என்ற கருத்தில் அண்ணன் அறிவுரை சொல்லி அனுப்பினார். அந்த அண்ணனின் பேச்சையே மனத்தில் வைத்துக் கல்லன் பேசினார். அதட்டாத, அடங்கிய, ஆழமான குரல். வீட்டில் அப்பாவின் குரல் அப்படி இருக்கவேண்டும் என்று எந்தப் பிள்ளைதான் ஏங்காது?

இனி, வணிகத்துக்கு வருவோம். பொம்மையை விற்பதற்காகவே தொலைக்காட்சிக் கதை எடுப்பது அமெரிக்காவில் முன்பு எளிதன்று. 1969-இல் 'ஹாட் வீல்ஸ்' கார் பொம்மையை வைத்து எடுத்த தொடரை, இது நிகழ்ச்சியன்று, நீண்ட விளம்பரமே என்று அரசாங்க ஆணையம் கண்டித்தது. 1980-களில் அந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அந்த இடைவெளியில்தான் நம் லோரி வீரன் உள்ளே நுழைந்தான். பெட்டியைத் திறந்தால் கதை. கதையின் நடுவே கடை.

கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய சரக்கை எடுத்துவிட்டுப் புதுச் சரக்கை வைக்கவேண்டும். 1986 ஆகஸ்டில் திரைக்கு வந்த முழுநீளப் படத்தை அதற்குப் பயன்படுத்தினார்கள். 1984-ஆம் ஆண்டுப் பொம்மைகளின் காலம் முடிந்தது. ஆகவே அந்தப் பாத்திரங்களும் முடியட்டும் என்பது ஏற்பாடு. படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே பழைய வீரர்கள் பலர் மாள்கிறார்கள். பிறகு ஆப்டிமஸ் பிரைமும் மெகாட்ரானோடு பொருது, படுகாயம் அடைந்து, மருத்துவ மேசையில் கிடக்கிறான். தன் பொறுப்பை மற்றவரிடம் ஒப்படைக்கிறான். அந்தச் சிவப்பும் நீலமும் மெல்ல மங்கிச் சாம்பல் நிறமாகின்றன.

திரையரங்கில் இருந்த பிள்ளைகள் அழுதார்கள். பெற்றோர்கள் கடிதம் எழுதினார்கள். படத்துக்குக் கதை எழுதிய ரான் பிரீட்மன் இது கூடாதென்று முன்பே வாதாடியவர். இவனை எடுப்பது குடும்பத்திலிருந்து தந்தையை எடுப்பதற்குச் சமம் என்பது அவர் கருத்து. அவர் பேச்சு எடுபடவில்லை. கணக்குப் புத்தகத்தில் இவன் சரக்கு. பிள்ளையின் புத்தகத்தில் இவன் யார் என்பதை அவர்கள் பார்க்கவே இல்லை.

அதே காலத்தில் சித்திரக்கதையிலும் அவன் மாண்டான். அது வேறு விதம். 1987 ஜனவரி என்று தேதியிட்ட 24-ஆம் இதழில், அவனும் மெகாட்ரானும் ஒரு கணினி விளையாட்டுக்குள் மோதுகிறார்கள். தோற்பவன் அழிக்கப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். பிரைம் வென்றுவிடுகிறான். ஆனால் அவன் வென்ற செயலால் விளையாட்டுக்குள் இருந்த அப்பாவி உயிர்கள் மடிந்துவிடுகின்றன. அவை வெறும் கணினிப் படங்கள்தாம். இருந்தாலும், நான் நெறி தவறி வென்றேன், இது வெற்றியன்று என்று சொல்லித் தன்னை அழிக்கச் சொல்கிறான். இது அசட்டுத்தனம் என்று நகைத்த வாசகர்கள் பலர். எனக்கோ திரைப்படத்துச் சாவைவிட இதுதான் பிடித்திருக்கிறது. "விளையாட்டுத்தானே சார்!" என்ற சொல்லைத் தினமும் பள்ளித் திடலில் கேட்கிறவன் நான்.

இங்கே பெற்றோர்களுக்கு ஒரு சொல். அழுகை வேறு, வாங்கித் தருவது வேறு. பிள்ளை அழுதால் அருகில் உட்கார்ந்து, "என்ன ஆச்சு அவனுக்கு?" என்று கதையைக் கேளுங்கள், அதற்குக் காசு வேண்டாம். பழைய வீரன் செத்தான், புது வீரன் வேண்டும் என்று கேட்டால், அது கடைக்காரன் சொல்லிக் கொடுத்த பாடம் என்று அறிந்து, சம்பள நாள் வரையிலோ அதற்கு அப்பாலோ தள்ளிப் போடுங்கள். வாங்குவதானால், துண்டு துண்டாகக் கழலும் பொம்மையைத் தவிர்ப்பது நல்லது. 1984-ஆம் ஆண்டு ஆப்டிமஸுக்கே கைமுட்டிகள் இரண்டும் தனித்தனியாகக் கழன்று வரும். லோரியாக்கும்போது எடுத்து வைத்த முட்டி அலமாரிக்கு அடியில் உருண்டால், வீரன் அன்று முதல் முடவன்தான். மெகாட்ரான் அந்நாளில் கைத்துப்பாக்கியாக மாறுகிற பொம்மை. பிற்காலத்தில் பீரங்கி வண்டியாக்கிவிட்டார்கள். துப்பாக்கியை என் பிள்ளை கையில் நான் தரமாட்டேன். உங்கள் விருப்பம் உங்களுடையது.

அமெரிக்காவில் கூச்சல் அடங்கவில்லை. 'ஜி. ஐ. ஜோ' என்ற மற்றொரு பொம்மைப் படத்தில் டியூக் என்ற வீரன் சாகவேண்டியிருந்தது. அவன் நினைவிழந்து கிடக்கிறான் என்று வசனத்தை மாற்றி, 1987-இல் அவனைப் பிழைக்க வைத்தார்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் ஆப்டிமஸ் பிரைமையும் இரண்டு பாகக் கதையில் உயிர்ப்பித்துக் கொண்டுவந்தார்கள். குரல் மாறவில்லை. 2007-இல் பெரும் பொருட்செலவில் புதிய திரைப்படம் வந்தபோதும், பேசியவர் அதே பீட்டர் கல்லன். 1986-இல் எட்டு வயதில் திரையரங்கில் அழுத பிள்ளைக்கு அப்போது இருபத்தொன்பது வயது.