கோச்சி வாசலில் தொங்கும் நம் பிள்ளைகள்



போன தவணை லீவில் தரம் 11 பிள்ளைகளை நாங்கள் மலைநாட்டுக்கு ட்ரிப் கூட்டிப் போனது ஊரில் எல்லோருக்கும் தெரியும். போட்டோக்களைப் பார்த்து நிறையப் பேர் மாஷா அல்லாஹ் போட்டிருந்தீர்கள். அந்தப் போட்டோக்களில் இல்லாத ஒன்றை இன்று எழுதுகிறோம்.

பஸ்ஸை எல்லவுக்கு அனுப்பிவிட்டு நானுஓயாவில் கோச்சி ஏறினோம். அம்பேவெல தாண்டி பட்டிப்பொல வந்தது. 1,891 மீற்றர் உயரம், நாட்டிலேயே ஆக உயரமான ஸ்டேஷன். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம், அந்தப் பக்கம் ஒஹிய. சுரங்கம் வரப்போவது எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு முதல்நாளே சொல்லியும் இருந்தோம். ஆனாலும் ஒரு மகன் மிதிபலகையில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மற்றக் கையில் போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற தோட்டத்து ஐயா ஒருவர் அவனது சேர்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். அடுத்த சில நொடிகளில் பெட்டி முழுக்க இருட்டு. அந்தச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை வெளிச்சம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தோம்.

அந்த நேரம் ஆசிரியர்கள் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? உண்மையைச் சொல்கிறோம். இரண்டு பேர் ஜன்னலால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை.

அந்தப் பாதையில் கோச்சியிலிருந்து விழுந்து உயிர் போன, கை கால் போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். படித்துவிட்டு, "வெள்ளைக்காரர்களுக்கு அறிவில்லை" என்று சொல்லிக் கடந்துபோகிறோம். பெருநாள் லீவு முடிந்ததும் நமது பிள்ளைகளின் ப்ரொபைல் படங்களைப் பாருங்கள். பாதிப் படங்கள் அதே வாசலில் தொங்குகிற படங்கள்தான். வாப்பாமார் அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள்.

வாசலில் தொங்கினால்தான் நல்ல படம் வரும் என்பதே பிழையான கதை. மலையை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் வளைவுகள் மிகவும் இறுக்கமானவை. அதனால் கோச்சி மெதுவாகத்தான் போகும். வளைவில் திரும்பும்போது ஜன்னலோரம் இருந்தபடியே எஞ்சின் தெரியும், முன்பெட்டிகள் தெரியும். இதல்கஸ்ஹின்னவில் இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. எந்தப் பக்கம் இருந்தாலும் நட்டமில்லை. ஏசி பெட்டியில் ஜன்னல் திறக்காது, கண்ணாடி மினுங்கும். படம் எடுக்க இரண்டாம், மூன்றாம் வகுப்புத்தான் நல்லது. போனை ஜன்னல் சட்டத்தில் வைத்து எடுத்தால் அதிரும், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தால் படம் நிற்கும். ஒன்பது வளைவுப் பாலத்தை கோச்சிக்குள் இருந்து எடுக்கவே முயலாதீர்கள். பாலத்தின் மேலே போகிறவனுக்குப் பாலம் எப்படித் தெரியும்? எல்லவில் இறங்கி, நடந்துபோய், மேட்டில் நின்று எடுக்கலாம்.

(போட்டோவே கூடாது என்று சொல்கிற பெரியவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் நாங்கள் இறங்கவில்லை.)

இன்னொரு விஷயமும் மனதை உறுத்துகிறது. ஹப்புத்தளைப் பக்கம் கொழுந்து எடுக்கும் பெண்களைக் கண்டதும் நமது பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடி, கூக்குரல் போட்டு, படம் எடுத்தார்கள். ஒரு அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் படமும் குரூப்பில் வந்தது. லயன் வாசலில் குளித்துக்கொண்டிருந்த ஒரு தாயின் படமும் வந்தது. உடனே அழிக்கச் சொன்னோம்.

நம் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் போன் கொண்டுவர வேண்டாம் என்று மைக்கில் அறிவிக்கிறோம். யாராவது ஒரு படம் எடுத்துப் போட்டால் பள்ளிவாசல் வரைக்கும் பிரச்சினை போகும். அந்த அக்காவுக்கு மட்டும் மானம் இல்லையா? அவர் ஒரு வாப்பாவின் மகள் இல்லையா? கோச்சியில் போகிறவனுக்கு அவர் மலையோடும் மூடுபனியோடும் சேர்ந்த ஒரு காட்சி. வேலை செய்கிற இடத்தில் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கோச்சியும் போகும்போது இதையே அவர் சகிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பாதை சுற்றுலாவுக்குப் போட்டதும் இல்லை. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது கோப்பிக்காக. கோப்பி நோய் வந்து அழிந்து தேயிலை வந்தது. 1885இல் நானுஓயா வரைக்கும், 1924இல் பதுளை வரைக்கும் பாதை நீண்டது. அந்த மலைகளில் காடு வெட்டி, தேயிலை நட்டு, பச்சைப் பசேலென்று ஆக்கியவர்கள் இந்த அக்காவின் பாட்டன் பூட்டிமார்தான். நம் மகனின் சேர்ட்டைப் பிடித்து இழுத்தவரும் அவர்களில் ஒருவர்தான். அவரிடம் யாரும் பெயர்கூடக் கேட்கவில்லை. ஒஹியவில் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த ட்ரிப்புக்கு நாங்கள் முடிவு செய்திருப்பது இதுதான். பெட்டியின் ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஆசிரியர் நிற்பார், அவரது போன் பேக்கில் இருக்கும். பட்டிப்பொலவிலிருந்து ஒஹிய வரைக்கும் எல்லோரும் இருக்கையில். கேட்காமல் எந்த மனிதரையும் படம் எடுக்கக் கூடாது. மீறுகிறவரின் போன் எல்ல வரும்வரை எங்களிடம். இதில் உடன்பாடு இல்லாத பெற்றோர் ட்ரிப்புக்குக் காசு கட்ட முன்னரே வந்து பேசுங்கள்.