கள்ளக்குறிச்சியில் விமானம் ஏற முடியுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதலில் விளையாடிப் பார்க்கும் விஷயங்களில் ஒன்று, இரண்டு ஊர்களுக்கு இடையேயான தூரத்தைத் தேடுவது. இதற்கென்றே பல வெப்சைட்டுகள் உள்ளன. ஒரு பெட்டியில் கள்ளக்குறிச்சி, இன்னொன்றில் சிங்கப்பூர் என்று டைப் செய்து என்டர் கீயைத் தட்டினால் சுமார் 2,975 கி.மீ. என்று வரும். விமானப் பயண நேரம் மூன்றே முக்கால் மணி என்றும் சில தளங்கள் சேர்த்துச் சொல்லும். கள்ளக்குறிச்சியில் விமான நிலையமே இல்லை என்பதை மட்டும் சொல்லாது. என்னைக் கேட்டால், விமான நிலையம் இல்லாத ஊருக்கு இந்த நேரத்தைக் காட்டவே கூடாது.

இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது? ஒவ்வொரு ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அந்தத் தளத்தில் பதிவாகியிருக்கும். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு, இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய வழியை அளக்கிறது. அதை மணிக்கு 800 கி.மீ. போன்ற ஒரு வேகத்தால் வகுக்கிறது. அவ்வளவுதான். ரன்வே, காற்று, விமானம் சுற்றிப் போகும் பாதை எதுவும் இதில் கிடையாது.

இதே முறையில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,925 கி.மீ. அதாவது கள்ளக்குறிச்சிக்காரருக்கு 50 கி.மீ.தான் அதிகம்! ஆனால் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் வழியாகச் சென்னை போய்ச் சேர 250 கி.மீ. அளவுக்கு ரோட்டில் ஓட வேண்டும். திருச்சியிலிருந்து விமான தூரம் 2,980 கி.மீ.யை ஒட்டி வரும். சென்னையை விட அதிகம்தான். ஆனால் ரோட்டில் நூறு கிலோமீட்டர் போல மிச்சமாகும். அங்கிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. பயணிக்கு உண்மையில் வேண்டிய தகவல் இதுதான். தளம் தராதது இதைத்தான்.

கல்வராயன் மலைக்காரர் பாடு இன்னும் மோசம். வெள்ளிமலை என்று மட்டும் டைப் செய்தால், கன்னியாகுமரி மாவட்டத்து வெள்ளிமலையைக் கூடக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளலாம். மாவட்டப் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். சரியான ஊரையே பிடித்தாலும் கள்ளக்குறிச்சிக்கு அது போடுவது நேர்க்கோடு. கச்சிராயபாளையம் தாண்டி மலையை வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸுக்கு அந்தக் கோடு எதற்கு உதவும்?

வேலைக்காக வெளிநாடு போகும் பிள்ளையை வழியனுப்ப, குடும்பமே வேன் பிடித்துக் கிளம்பும் பகுதி இது. சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்கள். கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். திரையில் பார்த்த நேரத்தை நம்பித் தாமதமாகக் கிளம்பினால், போவது டிக்கெட் பணம் மட்டுமல்ல, வேலையும்தான்.

டிக்கெட்டில் உள்ள நேரத்திலும் ஒரு விஷயம். புறப்படும் நேரம் நம்முடையது, இறங்கும் நேரம் அந்த ஊருடையது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னையில் இரவு 10 மணிக்கு ஏறி அங்கே காலை 4.45-க்கு இறங்கினால், பறந்தது ஆறே முக்கால் மணி நேரமல்ல, நாலேகால்தான்.