ரெயிலை விட்டு இறங்கினால் பஸ்சுக்கு வழி எது?

சென்னையில் ஏறினால் கோவைக்கு வந்தே பாரத் ரெயில் 6 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்து விடுகிறது. சுமார் 500 கிலோ மீட்டர். சொகுசு சவாரிதான், மறுப்பதற்கில்லை.

கோவை ஜங்ஷனில் இறங்கிய பிறகுதான் சோதனை ஆரம்பம்!

காந்திபுரம் பஸ் நிலையம் அங்கிருந்து இரண்டு கிலோ மீட்டர் சொச்சம். உக்கடமும் ஏறக்குறைய அதே தூரம். கையில் பெட்டி, இடுப்பில் குழந்தை. ஸ்டேட் பாங்க் ரோட்டில் எந்தப் பக்கம் நின்றால் எந்த பஸ் வரும் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. "எங்கீங்க போகணும்? வாங்க, ஏறுங்க" என்று ஆட்டோக்காரர்கள் சூழ்ந்து கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வழி தெரியாத ஊரில் வழிகாட்ட வருகிறவர்கள் அவர்கள் மட்டும்தானே!

கோவையில் பஸ் நிலையங்களுக்குப் பஞ்சம் கிடையாது. ஈரோடு, சேலம் போக காந்திபுரம். பொள்ளாச்சி, பழனி போக உக்கடம். மதுரை, திருச்சிக்கு சிங்காநல்லூர். ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோடு. ஊட்டியிலிருந்து வந்து மதுரைக்குப் போகிறவர் ஊரின் ஒரு கோடியில் இறங்கி மறு கோடிக்குப் போய்த்தான் அடுத்த பஸ் ஏற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டு வருகிறோம் என்று வெள்ளலூரில் 2020-ல் வேலை தொடங்கினார்கள். பாதியில் நின்று போனது.

ஒரே இடத்தில் இருந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? காந்திபுரத்தைப் பாருங்கள். டவுன் பஸ் நிலையம் ஒரு பக்கம். வெளியூர் பஸ் நிலையம் எதிர்ப் பக்கம். நடுவில் நஞ்சப்பா ரோடு. ரோட்டுக்கு மேலே மேம்பாலம். சோமனூரிலிருந்து வேலைக்கு வரும் பெண்ணும் சரி, பென்ஷன் வாங்க வரும் பெரியவரும் சரி, பஸ்களுக்கு நடுவே புகுந்துதான் அக்கரை சேர வேண்டும்.

சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. நல்ல திட்டம். ஆனால் அந்த இலவச பஸ்சைப் பிடிக்க ஆட்டோவுக்குக் காசு கொடுத்துப் போக வேண்டியிருந்தால் மிச்சம் என்ன?

அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோ மீட்டருக்கு ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேலே கார்கள் பறக்கின்றன. கீழே பஸ் ஸ்டாப்புக்குப் போக ரோட்டைக் கடக்கிறவர் கதை வேறு. சிக்னல்களை எடுத்துவிட்டு "யூ டர்ன்" வைத்த இடங்களில் வண்டிகள் நிற்காமல் போகின்றன. வண்டி நிற்காவிட்டால் நடக்கிறவர் எப்போது கடப்பது? இதை யோசித்தவர் யார்?

நடைபாதை போடத் தெரியாத ஊர் அல்ல இது. ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே ரேஸ்கோர்சில் போய்ப் பாருங்கள். என்ன அகலம், என்ன அழகு! உடம்பு இளைக்க நடப்பவருக்கு அத்தனை வசதி. ரெயிலைப் பிடிக்க நடப்பவருக்குக் கிடைப்பது சாக்கடை மூடியும், நடைபாதையில் நிறுத்திய மோட்டார் சைக்கிளும்! நடைபாதையில் 1.8 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது இந்திய சாலை காங்கிரசின் விதி. கோவை ரோடுகளுக்கு அது பொருந்தாதா?

மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகி விடும் என்கிறார்கள். உக்கடத்திலிருந்து நீலாம்பூர், ஜங்ஷனிலிருந்து வலியாம்பாளையம் பிரிவு என்று சுமார் 35 கிலோ மீட்டருக்கு 10,740 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி ஜனத்தொகை 20 லட்சம் இல்லை என்று சொல்லி மத்திய அரசு 2025 நவம்பரில் அதைத் திருப்பி அனுப்பியது. சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் அப்போதே 21 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த வழக்கை சென்னையும் டெல்லியும் பேசித் தீர்க்கட்டும். மெட்ரோ வந்தாலும் அதிலிருந்து இறங்கி பஸ்சுக்கு நடந்துதானே போக வேண்டும்? சென்னை சென்ட்ரலில் மெட்ரோவிலிருந்து ரெயிலுக்குச் சுரங்கப் பாதையிலேயே போய் விடலாம். அது நிலையம் கட்டும்போதே யோசித்துச் செய்தது.

இங்கே உடனே வேண்டியது கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் காரியம் அல்ல. ஜங்ஷன் வாசலில் தொடங்கி பஸ் ஸ்டாப் வரை கூரை போட்ட, மேடு பள்ளமில்லாத நடைபாதை. எந்த ஊருக்கு எந்த பஸ் நிலையம், அங்கே போக எந்த நம்பர் பஸ் என்று தமிழில் பெரிய பலகை. ரெயில் வரும் நேரத்துக்கு நான்கு பஸ் நிலையங்களுக்கும் இணைப்பு பஸ். காந்திபுரத்தில் நடப்பவருக்கென்று தனி சிக்னல்.

பிறகு ஏன் நடக்கவில்லை? காம்பவுண்டுக்கு உள்ளே ரெயில்வே. வெளியே வந்தால் நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி, போக்குவரத்து போலீஸ், அரசு போக்குவரத்துக் கழகம். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கை காட்டுகிறார்.

கலெக்டர் ஆபீஸ் ஜங்ஷனுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. கலெக்டர் ஒரு நாள் காலையில் இந்த ஐந்து துறை அதிகாரிகளையும் ஜங்ஷனுக்கு வரவழைக்கட்டும். ஜீப்பை அனுப்பிவிட்டு, ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, காந்திபுரம் வரை நடந்து பார்க்கட்டும்.