தொட்டிலுக்குச் சம்பளம்

மேச்சேரிச் சந்தையில் ஆடு வாங்க வருகிறவர்கள் முதலில் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். சென்ற வைகாசி மாதத்தில் நாம் அந்தப் பக்கம் போயிருந்தபோது, நமக்குப் பழக்கமான குடியானவர் ஒருவர் இரண்டு செம்மறிகளைக் கைமாற்றிவிட்டு, கிடைத்த நோட்டுக்களை மடியில் முடிந்துகொண்டிருந்தார்.

"வீட்டில் என்ன விசேஷம்?" என்று கேட்டோம்.

"விசேஷம் ஒன்றும் இல்லைங்க, சார். பேரனை எல்.கே.ஜி.யில் சேர்க்கிறோம். முதல் தவணைச் சம்பளம் கட்டவேண்டும்" என்றார்.

மேச்சேரி ஆடு தோலுக்குப் பேர் போனது. நர்ஸரிப் பள்ளிக்கூடங்கள் பெருகிவரும் வேகத்தைப் பார்த்தால், மேச்சேரிப் பெற்றோர்களின் தோலுக்கும் சீக்கிரத்தில் அந்தக் கீர்த்தி வந்துவிடும் போலிருக்கிறது!

சிரித்துவிட்டு வீடு திரும்பினோம். ஆனால் பள்ளிக்கூடம் திறந்த பிறகு நேர்ந்த ஒரு சம்பவம் அந்தச் சிரிப்பை மறக்கச் செய்துவிட்டது.

நமது ஏழாம் வகுப்பில் ஒரு பெண். கணக்கில் கெட்டிக்காரி. இரண்டு வாரமாய் அவள் வரவில்லை. விசாரிக்கலாம் என்று ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போனோம். உள்ளே தறிச் சத்தம். திண்ணையில் நமது மாணவி, இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பியுடன் நின்றாள்.

தாயார் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தாள். "என்ன பண்ணுவதுங்க, சார்? இவனுக்கு இன்னும் இரண்டு வயசு முடியவில்லை. அங்கன்வாடியில் சேர்த்தாலும் சாயங்காலத்துக்கு முன்பே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். நான் பொழுது சாயும் வரைக்கும் நெய்தால்தான் கூலி கட்டும். குழந்தை தவழ்ந்து வந்து குழியில் விழுந்துவிட்டால்? அதனால்தான் இவளை நிறுத்திவைத்தேன்" என்றாள்.

அவளைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் எழவில்லை. ஒன்று மாத்திரம் விளங்கிற்று. குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் கட்டாத வீடு உலகத்தில் எங்குமே கிடையாது. ஒரு வீட்டில் தகப்பனார் ரொக்கமாய்க் கட்டுகிறார். இன்னொரு வீட்டில் தாயார் உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கட்டுகிறாள். மூன்றாவது வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் தன் படிப்பைக் கொடுத்துக் கட்டுகிறாள்.

இந்தச் செலவில் சர்க்கார் கைகொடுப்பதில்லையா என்றால், கொடுக்கத்தான் செய்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையோர் நடத்துபவை நீங்கலாக மற்றத் தனியார் பள்ளிக்கூடங்கள் ஆரம்ப வகுப்பு இடங்களில் நூற்றுக்கு 25-ஐ ஏழைகளுக்கும் பின்தங்கியவர்களுக்கும் ஒதுக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. இருந்தால் அங்கிருந்தே இந்த விதி செல்லும். நமது ராஜ்யத்தில் வருஷ வருமானம் ரூ. 2 லட்சத்துக்குக் குறைந்த குடும்பங்கள் இதன்கீழ் மனுச் செய்யலாம். சம்பளத்தைச் சர்க்கார் ஈடு செய்யும். மனுக்கள் அதிகமானால் குலுக்கல்.

நல்ல சட்டந்தான். ஆனால் 2025-ஆம் வருஷத்தில் நடந்தது என்ன? மத்திய சர்க்கார் பணம் தரவில்லை என்று ராஜ்ய சர்க்கார் சொல்ல, வழக்கு ஹைகோர்ட்டு வரையில் போயிற்று. ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. இந்தச் சேர்க்கையோ அக்டோபர் மாதத்தில்தான் ஆரம்பமாயிற்று. யானைகள் இரண்டு வழக்காடி முடிகிற வரையில் நாலு வயதுக் குழந்தை வாசற்படியிலேயே நிற்க முடியுமா? சில தகப்பன்மார்கள் கடன் வாங்கிக் கட்டினார்கள். சிலர் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

மத்தியதர வகுப்பாராகிய நமக்கும் சகாயம் உண்டு. அதை நாம் சகாயம் என்று சொல்லிக்கொள்வதில்லை. வருமான வரியில் பழைய முறையைக் கைக்கொள்வோர், இரண்டு குழந்தைகளின் படிப்புச் சம்பளத்தை, நர்ஸரி வகுப்பு உட்பட, ரூ. 1,50,000 என்ற மொத்த வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத நெசவுக்காரிக்கு இதனால் ஒரு பைசாப் பிரயோஜனம் இல்லை.

தொழிற்சாலைப் பெண்களுக்கும் சட்டம் இருக்கிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. 2017-இல் திருத்தப்பட்ட பிரசவ சகாயச் சட்டம், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்களில் காப்பகம் இருக்கவேண்டும் என்றும், தாயார் நாளுக்கு நாலு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றும் சொல்லிற்று. ஆனால் ஒரு வீடு, ஒரு தறி, ஒரு தாயார் என்றால் அந்த ஸ்தாபனத்தில் 50 பேருக்கு எங்கே போவது?

அவளைப் போன்றவர்களை உத்தேசித்தே மத்திய சர்க்கார் ஒரு காப்பகத் திட்டம் நடத்திற்று. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலுள்ள குழந்தைகளை நாளுக்கு ஏழரை மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள். 2017-இல் வகுத்த விதிப்படி மிகவும் ஏழைக் குடும்பங்கள் மாதம் ரூ. 20-ம், மற்றவர்கள் வருமானத்துக்குத் தக்கபடி ரூ. 100 அல்லது ரூ. 200-ம் கொடுத்தால் போதும். 2022-இல் இது 'பால்னா' என்ற பெயரில் மாற்றி அமைக்கப்பட்டது. பால்னா என்றால் தொட்டில். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தவேண்டும் என்பது இதன் நோக்கம். நோக்கத்தில் குறை இல்லை. நமது மாணவியின் தெருவுக்கு அந்தத் தொட்டில் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

இவையெல்லாம் அன்னிய தேசத்திலிருந்து கடன் வாங்கிய யோசனைகள் என்று யாரும் எண்ணவேண்டாம். காந்தி மகானின் ஆதாரக் கல்வியில் பள்ளி வயதுக்கு முற்பட்ட குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று 1945-இல் சேவாக்கிராமத்தில் தீர்மானித்தார்கள். அதே 1945-இல், பம்பாய் மாகாணத்துப் போர்டி கிராமத்தில் ஸ்ரீமதி தாராபாய் மோடக் ஏழைக் குழந்தைகளுக்காகப் பாலர் கல்வி நிலையம் ஒன்று தொடங்கினார். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையின் முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவர் கொள்கை. 'அங்கண்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயரின் பொருள் அதுதான். 1975-ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று தேசத்தின் 33 வட்டாரங்களில் ஆரம்பித்த திட்டம், இன்று தமிழ்நாட்டில் மாத்திரம் ஐம்பத்துநாலாயிரத்துக்கு மேற்பட்ட மையங்களாய்ப் பெருகியிருக்கிறது. சோறு, முட்டை, சத்துமாவு, பாட்டு, விளையாட்டு எல்லாம் உண்டு. சம்பளம் இல்லை.

அப்படியிருக்க, செம்மறியை விற்றவர் பேரனை அங்கே ஏன் அனுப்பவில்லை? அதற்கு நாமே ஜவாப்தாரி என்று ஒப்புக்கொள்ளவேண்டும். நமது வீட்டுக் குழந்தைகள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நர்ஸரிக்குப் போனார்கள். அங்கன்வாடியை 'கஞ்சித் தொட்டி' என்று நமது வீட்டிலேயே பேசியதுண்டு. உபாத்தியாயர் வீடு செய்வதைப் பார்த்துத்தானே குடியானவர் வீடும் செய்யும்? 2019-ஆம் வருஷம் சர்க்கார் நடுநிலைப் பள்ளிகளை ஒட்டிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புக்கள் ஆரம்பமாயின. 2022-இல் அவற்றை நிறுத்தும் பேச்சு எழுந்தபோது ஜனங்கள் ஆட்சேபித்தார்கள். சர்க்காரும் இணங்கி வகுப்புக்களைத் தொடர்ந்து நடத்திற்று. ஆகையால் ஜனங்களுக்கு அது வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் அதுவே அத்தாட்சி.

கனடா தேசத்துக் க்யூபெக் மாகாணத்தில் 1997-இல், குழந்தைக் காப்பகத்தில் நாளுக்கு ஐந்து டாலர் கொடுத்தால் போதும், மீதியைச் சர்க்கார் ஏற்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். நாளடைவில் அந்த மாகாணத்தில் வேலைக்குப் போகும் தாய்மார்களின் தொகை நன்றாய் உயர்ந்தது. தொட்டிலுக்குப் போட்ட பணம் தறியின் வழியாய்த் திரும்பி வருகிறது என்பதை அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

நமது அரசியல் சட்டமும் இதை மறந்துவிடவில்லை. ஆறு வயது நிறையும் வரையில் எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் அளிக்க ராஜ்யம் முயலவேண்டும் என்று, 2002-இல் திருத்திய 45-ஆவது ஷரத்து சொல்கிறது. முயற்சி எது வரையில் வந்திருக்கிறது என்று கேட்பது பிரஜைகளின் வேலை. சுற்றுக் கிராமங்களில் ஆகஸ்டு 15-லும் அக்டோபர் 2-லும் கிராம சபை கூடுகிறது. வாசகர்களில் படித்த தாய்மார்கள் அங்கே எழுந்து, "எங்கள் மையத்தைப் பொழுது சாயும் வரையில் திறந்துவைக்க வேண்டும், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும் ஓர் ஆயாவும் ஒரு தொட்டிலும் வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவரலாம். பக்கத்து வீட்டு ஏழைக் குழந்தைக்கு 25 சத விகித இடத்துக்கான மனுவை எழுதிக் கொடுக்கலாம். அதற்குச் சான்றிதழ்களும் ஒரு மணி நேரமுமே வேண்டும்.

நமது மாணவி, அவள் பாட்டி ஊரிலிருந்து வந்திருந்த பத்து நாள் வகுப்புக்கு வந்தாள். விட்டுப்போன பின்னக் கணக்குகளை இரண்டே நாளில் போட்டு முடித்தாள். பாட்டி ஊருக்குத் திரும்பிவிட்டாள். இன்று காலை வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே மறுபடியும் சுழியம் போட்டுவிட்டு, இதை எழுத உட்கார்ந்தோம்.