ஒன்றாக்குமுன் காரணத்தை எழுதுங்கள்: அரச கட்டுமான ஒப்பந்தங்கள் பற்றிய எமது நிலைப்பாடு

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த வெள்ளம் பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியைத் துண்டித்தபோது, இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் 120 அடி நீளப் பெய்லி பாலத்தைக் கொண்டுவந்து பூட்டினார்கள். அது பெரிய கைகளுக்கு உரிய வேலை. ஆனால் அதே வீதியிலிருந்து முரசுமோட்டை, தருமபுரம், புளியம்பொக்கணை என்று உள்ளே இறங்கும் வயல் வீதிகளில் ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் மிஞ்சுபவை சிறிய வேலைகள்: இடிந்த மதகு, அரிபட்ட வாய்க்கால் கட்டு, பள்ளிக்கூட மதில், முன்பள்ளியின் கூரை. ஒரு மேசன் குழுவும் ஒரு கலவை இயந்திரமும் ஒரு உழவு இயந்திரமும் இருந்தால் இவற்றில் எதையும் முடித்துவிடலாம். இவற்றைத் தனித்தனியே கேள்விக்கு விடுவதா, மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டி விடுவதா என்பதே எம்முன் உள்ள பிரச்சினை. எமது நிலைப்பாடு இது: வெவ்வேறு இடங்களில் உள்ள சிறிய வேலைகளை ஒரே ஒப்பந்தத்துக்குள் சேர்ப்பதானால், அதற்கான காரணம் கேள்வி கோருமுன் எழுத்தில், பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும். அப்படி எழுதத்தக்க காரணம் இல்லையென்றால் சேர்க்கக் கூடாது.

பொதியின் அளவைத் தீர்மானிப்பது அலுவலக மேசையில் நடக்கும் தொழில்நுட்ப வேலைபோலத் தோன்றும். உண்மையில் யார் வெல்லலாம் என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை ஒப்பந்தகாரரைத் தரம் பிரிக்கிறது. சி வரிசையில் சி9 கடைசித் தரம். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு பண எல்லை உண்டு. உதாரணத்துக்கு, தலா 15 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள 20 மதகுகளை எடுத்துக்கொள்வோம். தனித்தனியே விட்டால் கீழ்த்தரத்தில் பதிந்திருக்கும் உள்ளூர் ஒப்பந்தகாரர் எவரும் விலை போடலாம். ஒன்றாகச் சேர்த்தால் அது மூன்று கோடி ரூபாய் வேலை. மதகு ஒரு அங்குலமும் வளரவில்லை, கேட்கப்படும் தரமோ பல படி ஏறிவிடுகிறது. அதோடு வருடாந்தப் புரள்வு, வங்கிப் பிணை, சொந்த இயந்திரங்களின் பட்டியல் என்று நிபந்தனைகளும் ஏறுகின்றன. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச வேலைகள் நின்று பில்கள் தேங்கிக் கிடந்ததை மறந்துவிடக் கூடாது. அந்தக் காலமும் சேர்ந்த சராசரிப் புரள்வைக் கேட்டால், அரசு பணம் கொடுக்காததற்கான தண்டனையை ஒப்பந்தகாரரே இரண்டாம் முறையும் அனுபவிக்கிறார்.

பொதியைப் பெரிய நிறுவனம் வென்றபிறகும் வேலையைச் செய்யப்போவது யார்? தூர இடத்து நிறுவனம் ஒரு வயல் மதகுக்காகத் தன் மேசன்மாரை இங்கே கண்டாவளைப் பிரதேசத்தில் குடியிருத்தாது. இங்குள்ளவருக்கே உப ஒப்பந்தமாகக் கைமாற்றும். அதே ஆட்கள் அதே கற்களை அடுக்குவார்கள், இடையில் ஒரு பங்கு கழிக்கப்பட்டிருக்கும். பணத்தை விடப் பெரிய இழப்பு ஒன்றும் இதில் உண்டு. வேலை முடித்த அனுபவச் சான்று முதன்மை ஒப்பந்தகாரரின் கோப்புக்குப் போகிறது. கட்டியவரிடம், தரம் உயர்வதற்குக் காட்ட ஒரு தாளும் இராது. பத்து வருடம் இப்படி உழைத்தாலும் அவர் சி9 ஆகவே இருப்பார். பிறகு, "உள்ளூரில் தகுதியானவர்கள் இல்லை" என்ற காரணத்தைக் காட்டியே அடுத்த பொதியும் கட்டப்படும். இந்தச் சுழற்சியே எம்மை இவ்வறிக்கையை எழுத வைத்தது.

வன்னிக்கு இது புதிய வாதமல்ல. 2016இல் வடக்கு கிழக்குக்கான 65,000 வீடுகளை ஒரே திட்டமாக்கி, முன்கூட்டித் தயாரித்த இரும்பு வீடுகளாக ஆர்செலர் மிட்டல் நிறுவனத்திடம் ஒப்படைக்க அரசு முற்பட்டது. ஒரு வீட்டின் விலை 21 இலட்சம் ரூபாய்க்கு மேல். அதற்கு முன், 2012 ஒக்டோபரில் இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது, பயனாளி ஒருவருக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தவணை தவணையாக வழங்கப்பட்டு, அவரவர் தம் வீட்டைத் தாமே முன்னின்று கட்டினர். இரண்டையும் ரூபாய்க்கு ரூபாய் ஒப்பிடுவது முறையல்ல. இடையில் விலைவாசி ஏறியிருந்தது, இரும்பு வீட்டின் விலையில் தளபாடங்களும் சூரிய மின்தகடும் அடங்கியிருந்தன. எம்மவர் பலர் 5 இலட்சத்து 50 ஆயிரம் போதாமல் கடன்பட்டார்கள் என்பதையும் மறைக்கமாட்டோம். ஆனாலும் அந்தக் காசு எங்கே போனது என்பதைப் பாருங்கள்: உள்ளூர்க் கல் அரிபவருக்கு, மணல் ஏற்றுபவருக்கு, தச்சருக்கு, மேசனுக்கு. 65,000 வீடுகளை ஒரே பொதியாக்கியபோது, அந்த அளவுக்குப் பணத்தையும் ஒழுங்குசெய்து வரக்கூடிய பெரிய நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. பொறியியலாளர்களும் மக்கள் அமைப்புகளும் கேள்வி எழுப்பிய பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. சேர்ப்பதற்கான காரணம் முதல் நாளே எழுதப்பட்டு மக்கள் முன் வைக்கப்பட்டிருந்தால், வீடில்லாதவர்களின் அத்தனை காலம் வீணாகியிருக்காது.

காலம் இங்கே பணத்துக்கு நிகரானது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிய வயல்களில் வாய்க்கால் மதகைத் திருத்த எல்லா மாதமும் உகந்த மாதமல்ல. சிறுபோகத்துக்குத் தண்ணீர் ஓடும்போது வாய்க்காலை மறிக்க முடியாது. வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் குழி வெட்டவே முடியாது. அறுவடை முடிந்து வாய்க்கால் காய்ந்து கிடக்கும் சில வாரங்களே வேலைக்கான காலம். அதற்குள் பழைய கல்லைக் கிளறி எடுத்து, அடித்தளம் போட்டு, ஹியூம் குழாயை இறக்கி, இரு முகப்பும் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு ஒரு கிழமையாவது கொங்கிறீற்றை நனைத்துவர வேண்டும். பத்து மதகுகளைப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் செய்தால் அந்த இடைவெளிக்குள் முடியும். ஒருவரே பத்தையும் வரிசையாகச் செய்தால் கடைசி மூன்று மழைக்குள் அகப்படும். நாங்கள் அஞ்சுவது இதற்குத்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கண்டாவளை மூழ்கியதை அறிந்த எவருக்கும், அரைகுறையாகத் திறந்து கிடக்கும் ஒரு மதகு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி மறுப்புகள். முதலாவது, ஆளணி. இருபது ஒப்பந்தம் என்றால் இருபது கோப்பு, இருபது அளவீடு, இருபது பில். பிரதேச மட்டத்தில் இருக்கும் ஒரு சில தொழில்நுட்ப உத்தியோகத்தர்களால் இவ்வளவையும் பார்க்க முடியாது என்கிறார்கள். இது நியாயமான கவலை. ஆனால் பொதியாகக் கட்டினாலும் இருபது இடத்துக்கும் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். குறைவது தாள் வேலை மட்டுமே. ஒரே அறிவித்தலில், ஒரே ஆவணத்தில், இருபது தனித் தொகுதிகளாகக் கேள்வி கோரினால் அந்தத் தாள் வேலையிலும் பெரும்பகுதி குறையும். விரும்பியவர் ஒன்றுக்கும் போடலாம், இயன்றவர் ஐந்துக்கும் போடலாம். இரண்டாவது, மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது. சீமெந்துக்கும் கம்பிக்கும் அது ஓரளவு உண்மை. மணலும் கிரவலும் கூலியும் இங்கேயே வாங்கப்படுபவை, அவற்றில் பெரிய நிறுவனத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை. விலை போடுபவரின் எண்ணிக்கை குறையக் குறைய மலிவு என்ற வாதமும் சேர்ந்து குறைகிறது.

மூன்றாவது மறுப்பே கனமானது. சில வேலைகளைச் சேர்த்தால்தான் செய்ய முடியும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் 2017இல் அங்கீகரிக்கப்பட்ட இரண்டாவது ஒருங்கிணைந்த வீதி முதலீட்டுத் திட்டம், வடக்கு உட்பட நான்கு மாகாணங்களில் ஏறத்தாழ 3,400 கிலோமீற்றர் வீதிகளை எடுத்துக்கொண்டது. ஊர் வீதிகள் பல பொதிகளாகச் சேர்க்கப்பட்டன. கட்டியவரே சில வருடங்கள் பராமரிக்கவும் வேண்டியிருந்தது. தார்க் கலவை ஆலையை ஒரு கிலோமீற்றர் வீதிக்காக எவரும் நிறுவமாட்டார். பராமரிப்புப் பொறுப்பைச் சுமக்கும் நிறுவனத்துக்கும் ஓர் அளவு வேண்டும். அங்கே சேர்ப்பதற்குக் காரணம் இருந்தது, அதை எழுதவும் முடியும். அந்த வீதியோரத்து வடிகாலும் மதிலும் அதே பொதிக்குள் போக வேண்டுமா என்று கேட்டால், காரணம் எழுதுவது அவ்வளவு எளிதாக இராது. எழுதும்படி கேட்பதன் பயனே அதுதான். சிறு ஒப்பந்தங்களில் தெரிந்தவருக்கே வேலை போகிறது என்ற குற்றச்சாட்டை நாம் மறுக்கவில்லை. அதற்கு மருந்து விலைகளையும் தெரிவையும் அறிவித்தல் பலகையில் ஒட்டுவது. வேலை பெருத்தால் செல்வாக்கு ஒழியும் என்று நம்ப ஆதாரம் எதுவும் இல்லை.

நாம் கேட்பது உலகில் இல்லாததல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் சட்டம், 20 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தச் சேர்ப்புக்கு முன் சந்தையை ஆராய்ந்து, குறைவாகச் சேர்க்கும் மாற்றுவழிகளையும் சிறு வணிகங்களுக்கு ஏற்படும் பாதிப்பையும் இனங்கண்டு, சேர்ப்பது அவசியம் என எழுத்தில் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனித்தனி இடங்களின் கட்டுமான வேலைகளைச் சேர்ப்பதும் பின்னர் அந்த வரையறைக்குள் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுப் பணிப்புரை, பெறுகையைத் தொகுதிகளாகப் பிரிக்காவிட்டால் ஏன் பிரிக்கவில்லை எனச் சொல்லும்படி கேட்கிறது. இந்தியாவில் சிறு தொழில்களுக்கு மத்திய அரசுக் கொள்வனவில் 25 வீதம் ஒதுக்கப்பட்டாலும் கட்டுமான ஒப்பந்தங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. ஒதுக்கீடு மட்டும் போதாது, பொதியின் அளவையே கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

இலங்கையில் அங்கீகார வரம்பைத் தவிர்ப்பதற்காகப் பெறுகையைத் துண்டாடக் கூடாது என்பது நெடுநாள் விதி. அது நல்ல விதி, நாம் அதை ஆதரிக்கிறோம். சேர்ப்பதற்கும் அதே அளவு கண்டிப்பு வேண்டும். தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. பெறுகைச் சட்டம் ஒன்றை இயற்றுவதாகவும் அரசு சர்வதேச நாணய நிதியத்துக்கு உறுதியளித்திருக்கிறது. அச்சட்டத்தில் மூன்று விடயங்கள் இடம்பெற வேண்டும் எனக் கோருகிறோம்: சேர்ப்புக்கான எழுத்துக் காரணம், உப ஒப்பந்தத்தில் வேலை செய்தவரின் பெயரில் அனுபவச் சான்று, கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் செய்யக்கூடிய வேலைகளைப் பொதிக்குள் இழுப்பதற்குத் தடை. சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த வெள்ளத் திருத்த வேலைகளுக்குக் கேள்வி கோருமுன், சேர்த்த வேலைகளின் பட்டியலும் சேர்த்ததற்கான காரணமும் கொண்ட ஒரு தாளைத் தமிழில் எழுதிப் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டும்படி மாவட்டச் செயலகத்தையும் மாகாணத் திணைக்களங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.