மாகாணத்தின் கைகள் யாருடையவை?

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தார் வழக்கு. அரச உத்தியோகத்தை இத்துணை விரும்பும் எம்மவர், உத்தியோகத்தரை நியமிப்பவர் யார், இடம் மாற்றுபவர் யார், ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பவர் யார் என்று வினவுவது அரிது. அதிகாரப் பகிர்வு என்றதும் காணி, பொலிஸ் என்னும் இரு சொற்களே மேடைகளில் முழங்குகின்றன. ஆளணி தன் வசப்படாத அரசுக்குக் காணியும் பொலிசும் கிடைப்பினும் அவை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் முதலமைச்சரையும் நால்வருக்கு மேற்படாத அமைச்சர்களையும் மாகாணத்துக்குத் தந்தது. அதே ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாணசபைகள் சட்டமோ, மாகாண அரச சேவையாளரின் நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம், ஒழுக்காற்று ஆகிய அனைத்தையும் ஆளுநரிடம் ஒப்படைத்தது. மாகாண அரச சேவை ஆணைக்குழு உண்டு. ஆனால் அதன் உறுப்பினரை நியமிப்பவர் ஆளுநரே, அது செய்த நியமனத்தை மாற்றவும் தள்ளவும் வல்லவரும் அவரே. ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. பிரதம செயலாளரையும் சனாதிபதியே நியமிக்கிறார். முதலமைச்சருக்கு உரியது இணக்கம் தெரிவித்தல் மட்டுமே.

மாகாண அமைச்சுகளின் நிலை இதுவாயின், கிராமத்தை எட்டும் கை யாருடையது? பிரித்தானியர் காலத்தில் வடமாகாண அரசாங்க அதிபராயிருந்த டைக் என்பவர் 1867 இல் இறக்கும்வரை சிற்றரசர் போலவே ஆண்டார். அவர் அமர்ந்த கச்சேரி மரபு மறையவில்லை. பெயர்தான் மாவட்டச் செயலகமாயிற்று. 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டம் அரசாங்க அதிபரின் அதிகாரங்களைப் பிரதேச செயலாளருக்கு மாற்றியது. எனினும் பிரதேச செயலாளரும் கிராம அலுவலரும் மத்திய அரசின் உத்தியோகத்தரே. ஒரே ஊரில் இரு நிருவாகங்கள் உலவ, மக்களின் அன்றாடக் கருமங்களுள் பெரும்பகுதி மாகாண அமைச்சர் கட்டளையிட இயலாத அலுவலகத்திலேயே முடிகிறது.

2013 செப்டெம்பர் தேர்தலில் வடமாகாணசபையின் 38 ஆசனங்களுள் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. இத்துணைப் பெரும்பான்மையோடு பதவியேற்ற முதலமைச்சர் விக்னேஸ்வரன், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் ஆளுநராயிருந்த நிருவாகத்தையே எதிர்கொண்டார். 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் நாட்கணக்காகக் கச்சேரி வாசலில் அமர்ந்தபோது மாகாணசபை இயங்கிக்கொண்டுதான் இருந்தது. வேலை தரும் கை எங்குள்ளது என்பதை அவர்களின் கால்கள் அறிந்திருந்தன. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தபின்னும் அலுவலகங்கள் வழமைபோல் திறந்தன. சபை இன்றியே நிருவாகம் நடக்குமாயின், சபை இருந்த காலத்தில் அது யாருடைய நிருவாகமாயிருந்தது?

உத்தியோகத்தரை அரசியல்வாதியிடம் விடின் சிபாரிசும் பழிவாங்கலும் பெருகும் என்பர் சிலர். அச்சம் நியாயமானதே. ஆயின் ஓர் அரசியல்வாதியிடமிருந்து காப்பதாகச் சொல்லி, மற்றோர் அரசியல்வாதியான சனாதிபதியின் பிரதிநிதியிடம் ஒப்படைப்பது சுதந்திரமாகுமா? மக்கள் தெரிந்தவரை மக்களே தண்டிக்கலாம். ஆளுநரை எந்த வாக்காளர் தண்டிப்பார்?

வேண்டுவன மூன்று. சேவை ஆணைக்குழுவின் உறுப்பினர், ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இணங்கிச் சபை விதந்துரைப்பவராதல் வேண்டும். அதன் முடிவை ஆளுநர் மாற்றும் அதிகாரம் நீக்கப்படல் வேண்டும். மாகாண விடயங்களைப் பொறுத்தவரையிலேனும் பிரதேச செயலாளர் மாகாணசபைக்குப் பொறுப்புக் கூறல் வேண்டும்.

நாளை இந்த அலுவலகங்களின் கதிரைகளில் அமரப்போகிறவர்கள் இன்று எமது விரிவுரை மண்டபங்களில் இருக்கிறார்கள். உத்தியோகம் கேட்டுக் கச்சேரி வாசலுக்குச் செல்லுமுன், அதனைத் தரும் உரிமை யாருக்குரியது என்று கேட்கப் பழகுவோம். இக்கேள்வியைக் கேளாத சமூகத்துக்கு முதலமைச்சர் கிடைக்கலாம், அரசு கிடைக்காது.